பழைய அனலாக் ஸ்கோப்பா, புதிய டிஜிட்டல் ஸ்கோப்பா?

மல்டிமீட்டர் காட்டும் எண் போதாமல் போகும்போதுதான் ஆஸிலோஸ்கோப் நினைப்பு வருகிறது. மீட்டரில் 5 வோல்ட் சரியாக நிற்கிறது, ஆனாலும் மைக்ரோகன்ட்ரோலர் அவ்வப்போது ரீசெட் ஆகிறது. ஆம்ப்ளிஃபயரில் டிசி அளவுகள் எல்லாம் ஒழுங்கு, ஆனாலும் ஒலியில் ஒரு கரகரப்பு. வோல்டேஜ் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தாலொழிய மேற்கொண்டு நகர முடியாது. சரி, வாங்கிவிடலாம் என்று இறங்கினால் இரண்டு பாதை தெரியும். ஒன்று, எழுபது எண்பதுகளில் ஏதோ ஓர் ஆய்வகத்துக்காகச் செய்யப்பட்டு, இப்போது பழைய பொருளாக விற்பனைக்கு வரும், பிக்சர் டியூப் வைத்த அனலாக் ஸ்கோப். இன்னொன்று, எல்சிடி திரையோடு வரும் புதிய நுழைவுநிலை டிஜிட்டல் ஸ்கோப்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் ஒரே ஒரு ஸ்கோப்புக்குத்தான் இடம் என்றால் புதிய டிஜிட்டலை வாங்குங்கள். நன்றாக ஓடும் அனலாக் ஒன்று கைக்கு வந்தால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம், வீண் போகாது. வாங்கவே கூடாதது தொண்ணூறுகளின் டிஜிட்டல் ஸ்கோப். அனலாக் பக்கம் நிற்பவர்கள் டிஜிட்டலைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகையைப் பார்த்துச் சொன்னவை. அவை உண்மையான குறைகள். ஆனால் இன்றைய கருவிகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

திரையில் தெரியும் கோடு எங்கிருந்து வருகிறது

அனலாக் ஸ்கோப்பில் உள்ளே வரும் சிக்னல் பெருக்கப்பட்டு, எலக்ட்ரான் கதிரை மேலும் கீழும் நேரடியாக வளைக்கிறது. ஸ்வீப் சர்க்யூட் அதே கதிரை இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் இழுக்கிறது. பாஸ்பர் பூச்சில் கதிர் பட்ட இடம் ஒளிர்ந்து, சில நொடிப்பகுதிகளில் அணைகிறது. 1897இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாயின் அடிப்படையே இதுதான். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1947இல் வெளியிட்ட 511 ஸ்கோப், சிக்னலில் ஒரு குறிப்பிட்ட புள்ளி வரும்போது மட்டும் ஸ்வீப்பைத் தொடங்கும் ட்ரிகர் முறையைக் கொண்டிருந்தது. அலை திரையில் ஓடாமல் நிற்பது அதனால்தான். 1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465, 100 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித்தையும் (எவ்வளவு வேகமான சிக்னல் வரை காட்ட முடியும் என்ற எல்லை) இரண்டு சேனல்களையும் ஒரே ஆள் தூக்கக்கூடிய பெட்டிக்குள் கொண்டுவந்தது. இன்றும் பழைய சந்தையில் அதிகம் கண்ணில் படுபவற்றில் அதுவும் ஒன்று.

டிஜிட்டல் ஸ்கோப் சிக்னலை நொடிக்குப் பல கோடி முறை அளந்து எண்களாக மெமரியில் எழுதுகிறது. பிறகு அந்த எண்களை வைத்து ஒரு படம் வரைகிறது. நாம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

இரண்டுக்கும் உள்ள எல்லா வேறுபாடும் இதிலிருந்தே கிளைக்கின்றன. அனலாக் எதையும் நினைவில் வைப்பதில்லை. இந்தக் கணம் நடப்பதைக் காட்டிவிட்டு மறந்துவிடும். டிஜிட்டல் வைத்துக்கொள்ளும், ஆனால் எடுத்துக்கொண்ட மாதிரிகளுக்கு இடையில் நடந்தது அதற்குத் தெரியாது.

ஒரே ஒரு முறை நடப்பது

முடிவை உண்மையில் தீர்மானிக்கும் கேள்வி இது: நீங்கள் பார்க்கப்போகும் சிக்னல் திரும்பத் திரும்ப வருவதா, ஒரு முறை நடந்து முடிவதா?

ஆடியோ சைன் அலை, கடிகார சிக்னல், ஸ்விட்சிங் பவர் சப்ளையின் பல்ஸ் எல்லாம் திரும்பத் திரும்ப வருபவை. அனலாக் ஸ்கோப் ஒவ்வொரு முறையும் அதே கோட்டின் மேல் கோடு வரைந்து, நல்ல பிரகாசமான படத்தைக் காட்டும். ஆனால் இன்று பழுது பார்க்கிறவருக்கும் புதிதாக ஒன்றைச் செய்கிறவருக்கும் அதிகம் தேவைப்படுவது வேறு வகை. சுவிட்ச் போட்டதும் 3.3 வோல்ட் எந்த வேகத்தில் ஏறுகிறது, ஏறும் வழியில் தடுமாறுகிறதா? ரிலே மூடும்போது எத்தனை முறை துள்ளுகிறது? மோட்டார் கிளம்பும் கணத்தில் சப்ளை எவ்வளவு சரிகிறது? சென்சாருக்கு மைக்ரோகன்ட்ரோலர் அனுப்பிய முதல் கட்டளை என்ன? இவை எல்லாம் ஒரு முறை நடந்து முடிபவை. அனலாக்கில் இவை ஒரு மின்னலாகத் தெரிந்து மறையும், வேகமானவை கண்ணுக்கே படாது.

கணக்குப் போட்டால் புரியும். 10 நானோ செகண்டு அகலமுள்ள ஒரு பல்ஸ் நொடிக்கு 100 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையின் குறுக்கே 10 கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்துக்கு 10 நானோ செகண்டு என்று வைத்தால் கதிர் ஒரு முறை திரையைக் கடக்க 100 நானோ செகண்டு ஆகும். அப்படி நூறு முறை. ஆக, ஒரு நொடியில் கதிர் திரையில் இருக்கும் மொத்த நேரம் 10 மைக்ரோ செகண்டு, லட்சத்தில் ஒரு பங்கு. அறையை இருட்டாக்கி, பிரகாசக் குமிழைக் கடைசிவரை திருப்பினாலும் மங்கலாகத்தான் தெரியும். இதைச் சமாளிக்க அந்தக் காலத்தில் திரையின் முன் போலராய்டு கேமரா பொருத்தினார்கள், படத்தைப் பிடித்துவைக்கும் ஸ்டோரேஜ் டியூப்களைச் செய்தார்கள். எழுபதுகளின் இறுதியில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 7104, டியூபுக்குள்ளேயே எலக்ட்ரான்களைப் பெருக்கும் தட்டு ஒன்றை வைத்து, 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரே முறை வரும் சிக்னலையும் வெறும் கண்ணால் பார்க்க வைத்தது. பொறியியலில் அது ஒரு பெரிய சாதனை, அதைப் படித்தாலே எனக்குச் சிலிர்க்கும். ஆனால் இன்று நுழைவுநிலை டிஜிட்டல் ஸ்கோப்பில் "சிங்கிள்" பட்டனை ஒரு முறை அழுத்தினால், அதன் பேண்ட்வித்துக்குள் வரும் எந்த ஒற்றைப் பல்ஸும் பிடிபட்டு நிற்கும். அதன் பிறகு பெரிதாக்கலாம், அளக்கலாம், பென் டிரைவில் சேமிக்கலாம்.

ட்ரிகருக்கு முன்னால் நடந்ததைப் பார்க்கும் வசதியும் இதில்தான் அடங்கும். நல்ல அனலாக் ஸ்கோப்பில் சிக்னலைச் சில பத்து நானோ செகண்டுகள் தாமதப்படுத்தும் டிலே லைன் இருக்கும். அதனால் ட்ரிகர் ஆன விளிம்பையே பார்க்க முடிகிறது. அதற்கு மேல் பின்னோக்கிப் போக வழியில்லை. டிஜிட்டல் எப்போதும் எழுதிக்கொண்டே இருப்பதால், ரீசெட் ஆன கணத்தில் ட்ரிகர் வைத்து, அதற்கு 50 மில்லி செகண்டு முன்னால் சப்ளை சரிந்ததைக் காட்டிவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மைக்ரோகன்ட்ரோலர் சிக்கலைத் தீர்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

பொய் சொல்லும் டிஜிட்டல்

சாம்பிளிங், அதாவது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, போதாதபோது டிஜிட்டல் ஸ்கோப் இல்லாத அலையைக் காட்டும். இது உண்மை. எப்போது நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டியதில்லை.

1997இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்210ஐ எடுத்துக்கொள்வோம். 60 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 100 கோடி சாம்பிள். எண்ணைப் பார்த்தால் இன்றைய நுழைவுநிலைக் கருவிக்குச் சமம். ஆனால் அதன் மெமரி ஒரு சேனலுக்கு 2,500 புள்ளிகள்தான். ஒரு கட்டத்துக்கு 1 மில்லி செகண்டு என்று வைத்தால் திரை முழுவதும் 10 மில்லி செகண்டு. 2,500 புள்ளிகளை 10 மில்லி செகண்டுக்குள் பரப்ப வேண்டும். அப்படியென்றால் நொடிக்கு இரண்டரை லட்சம் சாம்பிள்தான் எடுக்க முடியும். பெட்டியின் முகப்பில் எழுதிய 100 கோடி எங்கே போயிற்று? மெமரி போதாததால் ஸ்கோப்பே அதைக் குறைத்துவிட்டது. இப்போது 251 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் கொடுத்தால், 251இலிருந்து சாம்பிளிங்கின் 250ஐக் கழித்த மிச்சம் மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் அலையாக அழகாக ஓடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

ஆடியோ ஆம்ப்ளிஃபயர்களில் வேலை செய்பவர்கள் அனலாக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் நியாயமான காரணம். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்துப் பார்க்கும்போது, அவுட்புட்டின் கீழ்ப்பாதி உச்சியில் மட்டும் ஆம்ப்ளிஃபயர் சில மெகாஹெர்ட்ஸில் தானாக அலைய ஆரம்பிப்பதுண்டு. காதுக்கு அது நேரடியாகக் கேட்காது, டிரான்சிஸ்டர் மட்டும் சுடும். அனலாக் திரையில் கோட்டின் அந்தப் பகுதி மட்டும் தடித்து, மங்கலான பட்டையாகத் தெரியும். டைம்பேஸ் (ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்ற அமைப்பு) எங்கே இருந்தாலும் தெரியும். பழகிய கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். அதே அலையை 2,500 புள்ளி மெமரியோடு, ஒரு கட்டத்துக்கு 200 மைக்ரோ செகண்டில் பார்த்தால் சாம்பிளிங் நொடிக்குப் பன்னிரண்டரை லட்சம். அந்த அலைவு சரியாக 5 மெகாஹெர்ட்ஸில் நின்றால், அது சாம்பிளிங்கின் நான்கு மடங்கு. ஒவ்வொரு சாம்பிளும் அலைவின் ஒரே இடத்தில் விழும், அலைவு திரையிலிருந்து காணாமல் போய்விடும். ஸ்கோப்பைப் பார்த்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது என்று மூடிவைப்பார்கள்.

இன்றைய நிலை வேறு. ரிகால் நிறுவனத்தின் டிஎஸ்1054இசட்டின் மெமரி 1.2 கோடி புள்ளிகள், திரையில் 12 கட்டங்கள். ஒரு சேனல் மட்டும் ஓடி, முழு மெமரியையும் பயன்படுத்தினால், ஒரு கட்டத்துக்கு 1 மில்லி செகண்டிலும் நொடிக்கு 100 கோடி சாம்பிள் முழுதாகக் கிடைக்கும். 251 கிலோஹெர்ட்ஸ் அலை அங்கே ஒளிய இடமில்லை. டிஜிட்டல் வாங்கும்போது சாம்பிளிங் வேகத்துக்கு அடுத்தபடியாக, ஏன் அதைவிட முக்கியமாகவே, மெமரி ஆழத்தைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தொண்ணூறுகளின் டிஜிட்டலை ஒதுக்குவதும் இதற்காகத்தான்: அனலாக்கின் நேர்மையும் அதில் இல்லை, இன்றைய டிஜிட்டலின் ஆழமும் இல்லை. பிராண்டு பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை விற்பனைத் தாள்கள் அடக்கி வாசிக்கும். சொல்லப்படும் சாம்பிளிங் வேகம் பெரும்பாலும் ஒரே ஒரு சேனல் ஓடும்போது கிடைப்பது. டிஎஸ்1054இசட்டில் நான்கு சேனலையும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 25 கோடிதான். சிக்லென்ட் நிறுவனத்தின் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ-யில் இரண்டு ஏடிசிகள் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்கள்) இருப்பதால் நான்கும் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் 50 கோடி. பேண்ட்வித்தின் இரண்டரை மடங்குக்குக் கீழே சாம்பிளிங் இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

தவறவிடும் டிஜிட்டல்

ஒரு படத்தைப் பிடித்து, கணக்கிட்டு, வரைந்து முடிக்கும்வரை டிஜிட்டல் ஸ்கோப் குருடாக இருக்கும். நொடிக்கு 100 அலைவடிவம் மட்டும் வரையும் பழைய கருவி, ஒரு கட்டத்துக்கு 1 மைக்ரோ செகண்டில், ஒவ்வொரு முறையும் 10 மைக்ரோ செகண்டைப் பார்க்கிறது. மொத்தம் 1 மில்லி செகண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கண் திறந்திருக்கிறது. எப்போதாவது வரும் ஒரு கோணல் பல்ஸ் அதில் சிக்குவது அதிர்ஷ்டம். அனலாக்கும் ஒவ்வொரு ஸ்வீப்புக்குப் பிறகும் கதிரைத் திருப்பிக் கொண்டுவர நேரம் எடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் வேகமான ஸ்வீப்பில் நொடிக்கு லட்சக்கணக்கில் வரையும். அரிதாக வரும் கோடு மங்கலாகவும், அடிக்கடி வருவது பிரகாசமாகவும் தெரியும். அந்த ஒளி வேறுபாடே ஒரு தகவல்.

தொண்ணூறுகளின் இறுதியில் டெக்ட்ரானிக்ஸ் "டிஜிட்டல் பாஸ்பர்" என்ற பெயரில் இந்த ஒளி வேறுபாட்டை டிஜிட்டலுக்குள் கொண்டுவந்தது. அப்போது அது விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் இருந்தது. இப்போது எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ நொடிக்கு ஒரு லட்சம் அலைவடிவம் வரைகிறது, ரிகால் டிஎச்ஓ800 வரிசை பத்து லட்சம் வரை என்கிறது. இவை உச்ச அளவுகள், குறிப்பிட்ட சில அமைப்புகளில்தான் கிடைக்கும். அப்படியே இருந்தாலும், அனலாக்கின் பழைய வலிமை ஒன்று இங்கே கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. தவிர, கோணல் பல்ஸின் அகலத்தைச் சொல்லி "இதைவிடச் சிறியது வந்தால் நில்" என்று ட்ரிகர் வைக்க டிஜிட்டலில் முடியும். அதற்கப்புறம் நொடிக்கு எத்தனை வரைகிறது என்பதே பெரிய விஷயமில்லை.

அளவின் துல்லியம்

8 பிட் ஏடிசி மொத்த உயரத்தை 256 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட் என்று 8 கட்டம் இருந்தால் ஒரு படி ஏறத்தாழ 31 மில்லிவோல்ட். கோடு கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியக் காரணம் இதுவும், உள்ளே இருக்கும் இரைச்சலும். நல்ல அனலாக்கின் கோடு ஊசிமுனை போல இருக்கும், அதைப் பார்த்துப் பழகியவருக்கு 8 பிட் படம் உறுத்தும். 12 பிட்டில் 4,096 படிகள், அதே நிலையில் ஒரு படி ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். 2023இல் ரிகால் டிஎச்ஓ800 வரிசையோடு 12 பிட் நுழைவுநிலைக்கே இறங்கிவிட்டது. பவர் சப்ளை ரிப்பிள் (டிசியின் மேல் மிஞ்சி நிற்கும் சிறு அலைவு), ஆடியோ போன்றவற்றில் அதிகம் வேலை செய்கிறவர் இன்று 8 பிட் கருவியைப் புதிதாக வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வோல்டேஜ் துல்லியத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. 465 சொல்வது 3 சதவீதம், நுழைவுநிலை டிஜிட்டல்களும் அதையொட்டித்தான். நேரத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அனலாக் ஸ்வீப்பின் பிழை சில சதவீதம். டிஜிட்டலின் நேரம் கிரிஸ்டலிலிருந்து வருவதால் பிழை லட்சத்தில் சில பங்குதான். அதிர்வெண்ணைத் திரையில் பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் அனலாக் உதவாது.

இரண்டு சேனல்களின் நேர உறவிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான அனலாக் ஸ்கோப்களில் இருப்பது ஒரே கதிர். அது ஒரு ஸ்வீப்பில் முதல் சேனலையும் அடுத்ததில் இரண்டாவதையும் மாறிமாறி வரையும், அல்லது ஒரே ஸ்வீப்புக்குள் வேகமாகத் தாவித் தாவி வரையும். மாறிமாறி வரையும்போது ஒவ்வொரு சேனலும் தன் சொந்த சிக்னலிலேயே ட்ரிகர் ஆகும்படி வைத்திருந்தால், இரண்டு அலைக்கும் இடையே இருக்கும் தாமதம் திரையில் மறைந்துவிடும். இரண்டும் ஒன்றாகக் கிளம்புவதுபோலத் தெரியும். பொய் சொல்வது டிஜிட்டல் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஐ2சி, எஸ்பிஐ, யூஏஆர்டி டிகோடிங் (சிப்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்திகளைப் படித்துக் காட்டுவது), எஃப்எஃப்டி (சிக்னலில் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டுவது), திரையில் தெரிவதைப் படமாகச் சேமிப்பது ஆகியவை டிஜிட்டலுக்கு மட்டுமே. டிஜிட்டல் சர்க்யூட்களில் வேலை என்றால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

அனலாக் இன்னும் வெல்லும் இடம்

எக்ஸ்-ஒய் முறை. ஒரு சேனல் கிடைமட்டம், இன்னொன்று செங்குத்து. இரண்டு சைன் அலைகள் சேர்ந்து வரையும் லிசாஜு வடிவங்கள், அவற்றுக்கு இடையிலான ஃபேஸ் வேறுபாடு, ஒலியால் திரையில் ஓவியம் வரையும் கலை எல்லாம் அனலாக் டியூபில் உயிரோடு இருக்கும். கதிர் தொடர்ச்சியாக நகர்வதால் வளைவு வழுவழுப்பாக வரும், நின்று போகும் இடம் பிரகாசிக்கும். நுழைவுநிலை டிஜிட்டல்கள் பலவற்றில் இதே படம் புள்ளிகளாகச் சிதறும் அல்லது தாமதமாக அசையும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறிய ஏசி வோல்டேஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு பாகத்துக்குக் கொடுத்து, அதன் வோல்டேஜை ஒரு பக்கமும் கரண்டை மறு பக்கமும் எக்ஸ்-ஒய்யில் பார்த்தால், ரெசிஸ்டர் சாய்ந்த கோடாகவும், கெபாசிட்டர் நீள்வட்டமாகவும், டையோடு முழங்கால் மடிந்த கோடாகவும் தெரியும். போர்டிலிருந்து கழற்றாமலே, பவர் கொடுக்காமலே, நல்ல போர்டையும் கெட்ட போர்டையும் ஒப்பிட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். ஹாமெக் நிறுவனத்தின் பல அனலாக் ஸ்கோப்களில் இது உள்ளேயே கட்டப்பட்டிருந்தது. பழுது பார்ப்பவர் மேசையில் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் ஒன்று இதற்கென்றே நிரந்தரமாக நிற்கலாம்.

குமிழைத் திருப்பினால் கோடு அந்தக் கணமே அசைவதும் ஒரு சுகம்தான். ஒவ்வொரு வேலைக்கும் தனிக் குமிழ், மெனு கிடையாது. ஒரு ஃபில்டரையோ பயாஸையோ திருகிச் சரிசெய்யும்போது கைக்கும் கண்ணுக்கும் இடையில் தாமதம் இல்லாமல் இருப்பது வேலையை எளிதாக்கும்.

கற்பதற்கு அனலாக்தான் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஆட்டோ பட்டன் இல்லாததால் ட்ரிகர் லெவல், ஸ்லோப், ஹோல்டாஃப் என்ன என்று கற்றே ஆக வேண்டும். ஆனால் டிஜிட்டலிலும் ஆட்டோ பட்டனைத் தொடாமல் இருக்க யாராலும் முடியும். ஓடும் அலையை நிறுத்தி, சாவகாசமாக யோசிக்கக் கிடைக்கும் நேரம் கற்பவருக்கு மிகப் பெரிய உதவி. அதை அனலாக் தராது.

வயது

பழைய ஸ்கோப்பை வாங்குபவர் ஒரு பழுது வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். இது என் அழுத்தமான கருத்து. 465இல் டான்டலம் கெபாசிட்டர்கள் ஷார்ட் ஆகி சப்ளையைக் கீழே இழுக்கும். 2465பி போன்ற எண்பதுகளின் உயர்நிலைக் கருவிகளில் கலிபரேஷன் எண்கள் பேட்டரியால் தாங்கப்படும் மெமரியில் இருக்கின்றன, பேட்டரி இறந்தால் அவை போய்விடும். கிடைமட்டப் பெருக்கி போன்ற சிறப்பு ஐசிகளுக்கு இன்று மாற்று எளிதில் கிடைக்காது, பெரும்பாலும் இன்னொரு செத்த ஸ்கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெயின்ஸ் ஃபில்டரில் இருக்கும் பழைய பேப்பர் கெபாசிட்டர்களின் உறை விரிசல் விட்டு, ஒருநாள் புகையைக் கக்கும். அவற்றை முன்கூட்டியே மாற்றிவிடுவதே நல்லது. வால்வு காலத்து 545 என்றால் எடையே கிட்டத்தட்ட 30 கிலோ. அந்த 500 வரிசைக் கருவிகளின் பீங்கான் பட்டைகளில் வெள்ளி கலந்த சால்டரைத்தான் பயன்படுத்த வேண்டும், சாதாரண சால்டரைத் திரும்பத் திரும்ப வைத்தால் உலோகப் பூச்சு பெயர்ந்துவிடும். அதற்காகவே பெட்டிக்குள் சிறு சால்டர் சுருள் ஒன்றை வைத்தே அனுப்பினார்கள். அப்படிப்பட்ட அக்கறை இன்று அரிது.

உள்ளே கை வைக்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பிக்சர் டியூபுக்குப் போகும் வோல்டேஜ் பல ஸ்கோப்களில் பத்தாயிரத்தைத் தாண்டும், பவரை அணைத்த பிறகும் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம்.

மறுபக்கம், இவற்றைப் பழுது பார்க்க முடியும் என்பதே பெரிய பலம். அன்றைய சர்வீஸ் மேனுவல்களில் முழு சர்க்யூட் படம், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டிய வோல்டேஜ், அலைவடிவம், சர்க்யூட் வேலை செய்யும் விதம் எல்லாம் விளக்கமாக இருக்கும். அதைப் படித்து ஒரு ஸ்கோப்பை உயிர்ப்பிப்பவர் அனலாக் எலக்ட்ரானிக்ஸை வேறெங்கும் கிடைக்காத ஆழத்தில் கற்பார். ஆனால் அதற்கு ஓடுகிற இன்னொரு ஸ்கோப் வேண்டும்! ஒரே ஸ்கோப் வைத்திருப்பவருக்கு அனலாக்கை நான் பரிந்துரைக்காததன் முக்கியக் காரணம் இதுவே.

வாங்கியே தீருவது என்றால் நேரில் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கோடு வர வேண்டும், ஃபோகஸ் கூர்மையாக இருக்க வேண்டும், டியூபில் எரிந்த தடம் இருக்கக் கூடாது. முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை இரண்டு சேனலிலும் கொடுத்து, வோல்டேஜ் சுவிட்சின் ஒவ்வொரு நிலையையும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது கோடு துள்ளினால் அழுக்குதான், சுத்தம் செய்தால் போகும். ஒரு நிலை முழுவதும் செத்திருந்தால் யோசியுங்கள். பிறகு டைம்பேஸின் எல்லா நிலைகளும், ட்ரிகர் நிலையாக நிற்பதும். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள், சூடானபின் வரும் பழுதுகளே அதிகம்.

பேண்ட்வித் பற்றிச் சுருக்கமாக

100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் சைன் அலை 0.7 வோல்ட்டாகத் தெரியும் என்று பொருள், அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் இது ஒன்றே. 0.35ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் ஸ்கோப்பின் ஏறு நேரம் வரும்: 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோ செகண்டு. ஆடியோவுக்கு 20 போதும், சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் வேலைக்கு 70 முதல் 100. சட்டைப்பையில் அடங்கும் பொம்மை ஸ்கோப்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. டிஎஸ்ஓ138 போன்ற கிட்டின் எல்லை 200 கிலோஹெர்ட்ஸ், சால்டரிங் பழக நல்லது.

எர்த், புரோப், முதல் நாள்

மின் இணைப்பில் ஓடும் மேசை ஸ்கோப்பில், அனலாக்கோ டிஜிட்டலோ, புரோப்பின் (சர்க்யூட்டைத் தொடும் கம்பி) கிரவுண்டு கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. மெயின்ஸோடு நேரடியாக இணைந்த சர்க்யூட்டில் அதை மாட்டினால் வெடிக்கும். அதற்காக ஸ்கோப்பின் எர்த் பின்னைத் துண்டிக்கும் வழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டு புரோப்களை வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள், இல்லையென்றால் அந்தக் கழித்தலைத் தானே செய்யும் டிஃபரன்ஷியல் புரோப் வாங்குங்கள். பழைய ஸ்கோப்போடு புரோப் வரவில்லை என்றால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ×1 நிலையில் சாதாரண புரோப்பின் பேண்ட்வித் சில மெகாஹெர்ட்ஸ்தான், எனவே சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் ×10இல் வைத்து, ஸ்கோப்பின் சதுர அலையில் மாட்டி, அலையின் மூலை மேலே துருத்தாமலும் மழுங்காமலும் உச்சி தட்டையாக நிற்கும்வரை புரோப்பில் உள்ள சிறு திருகைச் சரிசெய்யுங்கள்.

புதிய டிஜிட்டல் வந்த முதல் நாளில் செய்ய வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. திரையின் ஓரத்தில் அந்தக் கணத்து சாம்பிளிங் வேகத்தைக் காட்டும் சிறு எண் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். சதுர அலையை மாட்டியபடியே டைம்பேஸை மெதுவாக்கிக்கொண்டே போய், அந்த எண் எந்த இடத்தில் குறையத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே வேலை செய்யும்போது பீக் டிடெக்டை, அதாவது ஒவ்வொரு இடைவெளியிலும் வந்த உச்ச, தாழ்ந்த அளவுகளைப் பிடித்துவைக்கும் முறையை, போட்டுக்கொள்ளுங்கள். ஒளிந்திருக்கும் வேகமான அலைவு, அனலாக்கில் தெரிவதுபோலவே தடித்த பட்டையாகத் தெரியும்.